கோயில் நிலத்தில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி: எந்தப் பழைய ஆவணம் நிற்கும்?

மேலவயல்:
எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு 62 சென்ட் நஞ்சை உண்டு. தாத்தா, அப்பா, இப்போது நான் என்று பரம்பரை அறங்காவலராக இருந்து வருகிறோம். அந்த நெல் குத்தகையில்தான் விளக்கு எண்ணெயும் பூசாரி கூலியும் நடக்கிறது. போன வாரம் பஞ்சாயத்து ஆட்கள் வந்து வயல் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டி கட்டப் போகிறார்களாம். கேட்டால், ஊர் நிலங்களின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் 'சர்க்கார் புறம்போக்கு' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் தாத்தாவின் தகரப் பெட்டியில், மானியமாக விட்ட நிலங்களைக் குறித்த பழைய இனாம் பதிவேட்டின் நகல் இருக்கிறது. ஓரம் பூச்சி அரித்திருந்தாலும் கோயில் பெயரும் நான்கு எல்லையும் தெளிவாகத் தெரிகின்றன. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதை நான் தடுக்கவில்லை. சாமி சொத்தை யாரும் கேட்காமல் எடுப்பதுதான் மனசு ஆறவில்லை. இந்த நகல் போதுமா?

ஓய்வுபெற்ற_நிலஅளவர்:
தம்பி, அது மட்டும் போதாது. இனாம் பதிவேடு 1860களில் எழுதினது. 1963ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த நிலங்கள் முதலில் அரசிடம் சேர்ந்தன. அப்புறம் விசாரித்துத்தான் கோயில்களுக்கு ரயத்துவாரி பட்டா, அதாவது அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டி நிலத்தை வைத்திருக்கும் பட்டா, கொடுத்தார்கள். உங்கள் கோயிலுக்கும் அப்படி உத்தரவு ஆனதா என்று முதலில் பாருங்கள். ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் நகல் மனு போடுங்கள். உத்தரவு இருந்து, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பில் பெயர் விழுந்து போயிருந்தால், மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்த மனு கொடுக்கலாம். நான் பார்த்தவரை தகராறு பெரும்பாலும் எண்ணில்தான் வரும். சர்வேக்கு முந்தைய பழைய அளவையில் போட்ட பைமாஷ் எண், இப்போதைய சர்வே எண் இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலை வாங்காமல் போகாதீர்கள். இல்லையென்றால் 'இது வேற நிலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வழக்குமன்றம்_வாசி:
பட்டாவோ அ-பதிவேடோ உரிமையை முடிவு செய்யாது. உரிமைத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்தில்தான் தீரும். அரசு மீது வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் பொறுக்கணும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு உடனே தொடுக்கலாம். அஸ்திவாரம் தோண்டும் முன் நகருங்கள். அறநிலையத் துறை உதவி ஆணையருக்கும் இன்றே கடிதம் எழுதுங்கள், தனியாக நிற்காதீர்கள்.

முன்னாள்_வார்டு_உறுப்பினர்:
அண்ணே, நிலம் கோயிலுடையது என்று உறுதியானாலும் தொட்டிக்கு வழி இருக்கு. அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதித்தால் பரிமாற்றமோ நீண்டகாலக் குத்தகையோ செய்யலாம். எங்கள் ஊரில் தலைவரும் அறங்காவலரும் உட்கார்ந்து பேசி, வயலின் மூலையை மட்டும் கேட்டு எழுதினார்கள். கொஞ்ச நாள் பிடித்தது. ஆனால் இருதரப்பும் இன்றைக்கும் ஒரே டீக்கடையில் உட்காருகிறார்கள்.

மேலவயல்:
நன்றி ஐயா, எல்லோருக்கும். பைமாஷ் எண் நகலின் இரண்டாவது பக்கத்திலேயே இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். திங்கட்கிழமை பதிவறைக்குப் போகிறேன். தலைவரையும் இன்று மாலை பார்த்துப் பேசுகிறேன். அதுவரை கோட்டுக்கு மேல் மண் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.