2021 வேலூர் நில அதிர்வு: அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பேரணாம்பட்டு_பையன்:
நவம்பர் 29, விடிகாலை நாலேகால். பத்து நாள் முன்புதான் மழையில் எங்கள் ஊரில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. பரணில் இருந்த எவர்சில்வர் குண்டான்கள் கிணுகிணுத்தன. "சுவரு போவுதுடா" என்று அம்மா கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார். அதிர்வின் அளவு 3.6 என்று அப்புறம் டிவியில் சொன்னார்கள். அது கிடக்கட்டும். ஆட்டத்துக்கு முன்னால் தரைக்கடியில் ஓர் உறுமல் கேட்டதே, அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

குடியாத்தம்_தறி:
கல்குவாரி வெடிதான், வேறென்ன. டிசம்பர் 23 மதியம் மூணு மணிக்கு மேல் மறுபடி ஆடியபோது தறியே அதிர்ந்தது. பாவில் நாலைந்து இழை அறுந்ததற்கு முதலாளி கூலியில் பிடித்துவிட்டார்.

காட்பாடி_ஜங்ஷன்:
மேலே இருப்பவருக்கு: நாலேகாலுக்கு எந்தக் குவாரியில் வெடி வைக்கிறார்கள்? நவம்பர் அதிர்வின் ஆழம் 25 கிலோமீட்டர் என்று தேசிய நில அதிர்வு மையம் போட்டிருந்தது. அவ்வளவு ஆழம் யார் தோண்டினார்கள்? தம்பி கேட்ட உறுமல் பி அலை, அதாவது நில அதிர்வில் முதலில் வந்து சேரும் அலை. பாறையை அமுக்கி அமுக்கி நொடிக்கு ஆறு கிலோமீட்டர் போல ஓடிவரும், தரையைத் தொட்டதும் கொஞ்சம் காற்றில் சத்தமாக ஏறும். குண்டானை ஆட்டியது, பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு பின்னால் வந்த எஸ் அலை.

திருப்பத்தூர்_டீச்சர்:
எரிமலை வெடிக்கப்போகிறதென்று வாட்ஸப்பில் வந்ததாம், வகுப்பில் ஒரு பெண் அழுதாள். பக்கத்துச் சேவாத்தூரில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்ற மைக்கா போன்ற கனிமத் துண்டு ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். தகடு தகடாகப் பிரிந்து புழு மாதிரி நெளிந்து நீண்டது. அழுகை நின்றது. இந்தப் பக்கம் மாக்மா, அதாவது உருகிய பாறை, வந்தது உண்மைதான், ஆனால் எழுபது கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏலகிரி மலையின் சையனைட் என்ற கிரானைட் போன்ற பாறை அப்படி உறைந்ததுதான். காலுக்குக் கீழே நெருப்புக் கடலெல்லாம் இல்லை, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் திடப் பாறை. அழுத்தம் குறைந்தாலோ தண்ணீர் கலந்தாலோ உருகும். கடல் மாதிரி திரவம் வேண்டுமென்றால் 2,900 கிலோமீட்டர் இறங்கி பூமியின் வெளிக்கருவுக்குப் போக வேண்டும்.

ராணிப்பேட்டை_அண்ணன்:
எனக்கு ஃபேன் ஆடியது மட்டும் தெரிந்தது. ஆனால் எல்லோரும் கவனியுங்கள். வெளியே ஓடாதீர்கள், மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பரணில் கனமான பாத்திரம் வேண்டாம். பீரோவைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். கட்டிலை ஜன்னல் ஓரம் போடாதீர்கள். ஆட்டம் நின்றதும் சிலிண்டரை மூடுங்கள். புது வீடு கட்டினால் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்காவிட்டால் மேஸ்திரி 90-லேயே விட்டுவிடுவார்.

பேரணாம்பட்டு_பையன்:
அண்ணே, எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. மண்சுவர், நாலு எட்டு வைத்தால் வாசல். அம்மா இழுத்துக்கொண்டு ஓடினதுதான் சரி.