டிரெஸ்பாசர்: பழுது பார்க்கலாமா, அப்படியே விடலாமா?

தெப்பக்குளத்தான்:
1998 அக்டோபரில் வந்த டிரெஸ்பாசர் கேமைப் போன வாரம் மறுபடி ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விளையாடினேன். இங்கே பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜுராசிக் பார்க் இரண்டாம் படத்துக்கு ஒரு வருடம் கழித்து நடக்கிற கதை. ஆன் என்ற பெண் போன விமானம் விழுந்து, டைனோசர் வளர்த்த ஐலா சோர்னா தீவில் அவள் மட்டும் உயிரோடு மிஞ்சுகிறாள். திரையில் உயிர்க் கணக்கு கிடையாது, குண்டுக் கணக்கு கிடையாது, குறி பார்க்கும் புள்ளியும் கிடையாது. குனிந்து பார்த்தால் அவள் மார்பில் பச்சை குத்திய இதயம் இருக்கும், அதை வைத்துத்தான் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியில் எவ்வளவு மிச்சம் என்று அவளே வாய்விட்டுச் சொல்வாள். அவளுடைய வலது கையை மவுஸால் நாமே நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, கல்லோ கட்டையோ துப்பாக்கியோ பிடிக்க வேண்டும்.

என் பெரியப்பா மகன் மீனாட்சி பஜாரில் வாங்கி வந்த சிடியில்தான் முதலில் பார்த்தேன். அவன் கம்ப்யூட்டரில் ஒரு மரத்தைக் கடக்கவே அத்தனை நேரம் ஆகும். ஆனாலும் காட்டுக்கு மேலே ப்ராக்கியோசாரஸின் கழுத்து தெரிந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

இப்போது விஷயம். இந்தக் கேமை வந்த புதிதில் விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், விற்பனையும் படுத்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக விடாமல் இதில் வேலை செய்கிறார்கள். புது லெவல் கட்ட உதவும் எடிட்டர் எழுதினார்கள், கோளாறைச் சரி செய்யும் பேட்ச் போட்டார்கள், இன்றைய விண்டோஸில் அகலத் திரையில் ஓடுகிற கம்யூனிட்டி எடிஷன் கொண்டுவந்தார்கள். வெளியீட்டுக்கு முன் வெட்டப்பட்ட பைன் வேலி என்ற லெவலையும் மிச்சம் கிடைத்த துண்டுகளிலிருந்து எழுப்பப் பார்க்கிறார்கள். மதுரைப் பக்கம் இருக்கிற நாமும் கை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் ஆசை மூன்று. ராப்டர் என்ற வேட்டை டைனோசர்களுக்கு உருப்படியான மூளை, அந்தக் கையைச் சுலபமாக்க ஒரு குறிப்புள்ளி, பூங்காவை உருவாக்கிய ஹாமண்ட் பேசும் குரலுக்குத் திரையில் தமிழ் வசன வரி. யார் வருகிறீர்கள்?

ஒத்தக்கடை_யானைமலை:
தமிழ் வசன வரிக்கு நான் வருகிறேன். மற்ற இரண்டும் வேண்டாம் தம்பி, செய்யாதீர்கள்.

அந்தக் கை சுலபமாக இல்லை என்பதுதான் அந்தக் கேம். எதிரே ராப்டர் ஓடி வருகிறது, நம் கை நடுங்குகிறது, துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர முடியவில்லை, சுவரில் இடித்துக் கீழே விழுகிறது. பயம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டால் அது ஆயிரம் துப்பாக்கிக் கேம்களில் ஒன்று, அதில் டைனோசர் வருகிறது, அவ்வளவுதான். ஓடாததை ஓட வைப்பது வேறு, செய்தவர்கள் எடுத்த முடிவை மாற்றுவது வேறு. முதலாவதற்கு என் முழு ஆதரவு உண்டு.

செல்லூர்_தறிக்காரர்:
இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். பாவிலேயே, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழையிலேயே, கோளாறு இருக்கிற துணியை எத்தனை நாள் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு ஓட்டுவீர்கள்? எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தறி. இழை ஒன்றிரண்டு அறுந்தால் பிணைப்போம். பாவே சரியில்லை என்றால் அறுத்து இறக்கிவிட்டுப் புதுப் பாவு ஏற்றுவோம், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. இந்த உழைப்பை எல்லாம் போட்டு நம் பையன்கள் சொந்தமாக ஒரு கேம் செய்யலாமே. அலங்காநல்லூர் வாடிவாசலில் மாட்டின் திமிலைப் பிடிக்கிற கையைச் செய்யுங்கள், அதே வித்தைதான். அமெரிக்கக் கம்பெனி ஒன்று கைவிட்ட சரக்குக்கு நாம் ஏன் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க வேண்டும்?

தெப்பக்குளத்தான்:
தறிக்காரரே, சொந்தக் கேம் செய்வதை யார் தடுத்தார்கள்? ஆனால் கையைப் பொருளோடு பொருளாக மோதவிடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். இந்தக் கேமுக்குத் தலைமை தாங்கிய சீமஸ் பிளாக்லி இயற்பியல் படித்தவர், அதற்கு முன் ஃப்ளைட் அன்லிமிடெட் என்ற விமான கேமில் வேலை செய்தவர். டிரெஸ்பாசர் இப்படி விழுந்த பிறகு மைக்ரோசாஃப்ட் போய் எக்ஸ்பாக்ஸ் பிறக்கக் காரணமானவர்களில் ஒருவரானார். நீங்கள் சரக்கு என்று தள்ளுகிற இடத்திலிருந்துதான் அந்த மனிதர் அங்கே போனார்.

ஒத்தக்கடை அண்ணே, உங்களுக்கு: ராப்டர் குடித்தவனைப் போலத் தள்ளாடி வந்து கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுவும் செய்தவர்கள் எடுத்த முடிவா?

திருநகர்_நிரலி:
அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆறு மாதமாக அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. அந்தக் காலத்துக் கேம்களில் நடப்பதை முன்கூட்டியே வரைந்து வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். டிரெஸ்பாசரில் அப்படி வரைந்த நடை கிடையாது. டைனோசர் எங்கே போக வேண்டும் என்று எஞ்சின் முடிவு செய்யும், கால் எங்கே பதிய வேண்டும், முட்டி எவ்வளவு மடங்க வேண்டும் என்று அந்தந்த நொடியில் கணக்குப் போடும். சமதரையில் ஓரளவு ஒப்பேறும். சரிவில், பாறையில், இன்னொரு டைனோசர்மேல் மோதும்போது கணக்குப் பிசகி உடம்பு கோணிக்கொள்ளும். 1998-இல் ஒரு பெண்டியம் ப்ராசஸர் இதையும் போட்டு, பெட்டி பெட்டியாக விழுகிற பொருட்களையும் கணக்குப் போட்டு, பெரிய தீவையும் வரைய வேண்டும் என்றால் என்ன செய்யும்?

கிராஃபிக்ஸிலும் இதே கதை. மேடுபள்ளம் உள்ள தோல் தெரிய வேண்டும் என்று ப்ராசஸரையே வரைய வைத்து எஞ்சினை எழுதினார்கள். அதே சமயத்தில் 3டி கார்டுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன, அந்தக் கார்டுகளுக்கு அந்த மேடுபள்ள வித்தை தெரியாது. நல்ல கார்டு வைத்திருந்தவனுக்கும் மெதுவாகத்தான் ஓடியது.

மூளை விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு டைனோசருக்கும் பசி, பயம், கோபம் என்று பல உணர்ச்சிகளை வைத்திருந்தார்கள். எந்த உணர்ச்சி ஓங்குகிறதோ அதன்படி நடக்கும். எழுதிப் பார்த்தால் அருமையான யோசனை. நடைமுறையில் ஒரு நொடி பசி, அடுத்த நொடி பயம், அதற்கடுத்து மறுபடி பசி என்று மாறி மாறி, எந்த வேலையையும் முடிக்காமல் நின்ற இடத்திலேயே குழம்பியது. நேரம் இல்லை. 1997-இலேயே வெளிவந்திருக்க வேண்டிய கேம், ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தது. அதனால் கோபத்தை உச்சத்தில் வைத்து, மற்றதை அடக்கி, வெளியே விட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒருவரே மறுவருடம் எழுதிய கட்டுரையில் இந்தக் கூத்தெல்லாம் விவரமாக இருக்கிறது.

ஆக, ராப்டர் எப்போதும் பாய்வது அவர்கள் ஆசைப்பட்டது கிடையாது, நெருக்கடியில் செய்தது. அடக்கி வைத்த உணர்ச்சிகளை மெல்லத் திறந்துவிட்டால் அவர்கள் முதலில் நினைத்ததற்குத்தான் பக்கத்தில் போகிறோம். நான் தெப்பக்குளத்தான் பக்கம்.

ஒத்தக்கடை_யானைமலை:
நிரலி அம்மா, விளக்கத்துக்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் "அவர்கள் முதலில் நினைத்தது" என்று நீங்கள் சொல்கிற இடத்தில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் ஊரில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரம் நிற்கிறது, எல்லாரும் பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் கடைகள். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் போனது. அடிப்பகுதி மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் தூணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அவர் மனதில் இருந்த உயரம் தெரியும். மீதி உயரம் நம் தலைக்குள் எழுகிறது. நாளைக்கு யாராவது வந்து, நாயக்கர் முதலில் நினைத்தது இதுதான் என்று சிமெண்டில் மேலே ஏற்றினால், அது யார் கோபுரம்? டிரெஸ்பாசரும் எனக்கு அப்படித்தான். பெட்டிமேல் பெட்டி அடுக்கி ஏறும்போது அது வழுக்கி விழுகிறதே, அந்த இடத்தில் நின்றுதான் இவர்கள் எவ்வளவு தூரம் போகப் பார்த்தார்கள் என்று புரிந்துகொண்டேன். அதைச் சரி செய்துவிட்டால் அடுத்த தலைமுறைப் பையன் விளையாடிவிட்டு, பரவாயில்லை, சுமாரான பழைய கேம் என்று போய்விடுவான்.

தெப்பக்குளத்தான்:
அண்ணே, ராயகோபுரத்தைச் சொன்னீர்கள், ஸ்ரீரங்கத்தை விட்டுவிட்டீர்களே! அங்கேயும் விஜயநகர ராயர் காலத்துக் கோபுரத்தின் அடிப்பகுதி மொட்டையாகத்தான் பல நூறு வருடம் நின்றது. 1987-இல் பதின்மூன்று நிலையோடு 236 அடிக்கு எழுப்பி முடித்தார்கள். இன்று ஸ்ரீரங்கம் போகிறவர் யாராவது இது போலி என்று திரும்பி வருகிறாரா? நம் திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் நேப்பியர் கவர்னராக இருந்தபோது பழுது பார்க்காமல் விட்டிருந்தால் மிச்சம் இருக்கிற கால்வாசியும் இடிந்திருக்கும், நாம் அங்கே ஒலி ஒளிக் காட்சி பார்த்திருக்க முடியாது.

செல்லூர்_தறிக்காரர்:
கோபுரத்துக்கு நாளைக்கும் ஆள் வரும். இதை எத்தனை பேர் விளையாடப் போகிறார்கள்?

திருநகர்_நிரலி:
குறைவான பேர்தான். எனக்கு அது போதும்.

செல்லூர்_தறிக்காரர்:
சரி, இன்னொரு கேள்வி. இது யாருடைய சொத்து? நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் பார்ப்பது? பிள்ளைகளை இழுத்துவிடாதீர்கள்.

திருநகர்_நிரலி:
நியாயமான கேள்வி, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமைச் செய்த நிறுவனத்தை 2000-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. பெயர் இரண்டு முறை மாறி 2013-இல் அந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். படத்தின் உரிமை யுனிவர்சலிடம். கேமின் மூல நிரலான சோர்ஸ் கோடை யாரும் முறைப்படி வெளியிடவே இல்லை. அதனால் நம் வேலை நாம் எழுதிய கோப்புகளோடு நிற்க வேண்டும். கேமையே யாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது. அசல் சிடி வைத்திருப்பவர்கள் பேட்ச் போட்டுக்கொள்ளட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர்களோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

மேலூர்_பாண்டி:
நான் புதுசு, பன்னிரண்டாவது படிக்கிறேன். அண்ணன் ஒருவர் வீட்டில் விளையாடிப் பார்த்தேன். கை ரொம்பக் கஷ்டம். ஆனால் ராப்டர் வரும்போது துப்பாக்கியைத் தவறவிட்டேன், குனிந்து எடுக்க நேரம் இல்லை, பக்கத்தில் கிடந்த கட்டையால் அடித்தேன். வேறு எந்தக் கேமிலும் நான் அப்படிப் பயந்ததில்லை. புள்ளி வேண்டாம். ராப்டர் கதவில் முட்டி நிற்பதை மட்டும் சரி செய்யுங்கள் அக்கா.

ஒத்தக்கடை_யானைமலை:
பாண்டி தம்பி, முதல் பாதிக்கு உனக்குப் பெரிய நன்றி.

தெப்பக்குளத்தான்:
பாண்டி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவு குறிப்புள்ளியோடு ஒரு மணி நேரம் விளையாடினேன். உண்மையைச் சொல்ல வேண்டும். சுலபமாக இருந்தது, பயம் போய்விட்டது. கட்டையை ஒருமுறைகூடக் கையில் எடுக்கவில்லை, தேவைப்படவில்லை. புள்ளியை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், அதில் ஒத்தக்கடை அண்ணன் சொன்னதுதான் சரி.

மூளை விஷயத்தில் மாற மாட்டேன். நிரலி அக்கா அனுப்பிய சோதனைக் கோப்பில் பயத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார். இரண்டு ராப்டர் வந்தன. ஒன்றைச் சுட்டேன், விழுந்தது. மற்றது நின்றது, பின்வாங்கியது, மரத்துக்குப் பின்னால் போய் அங்கிருந்து என்னைப் பார்த்தது. அப்புறம் பழைய குழப்பம் தொடங்கி, வட்டமடித்துக்கொண்டே இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் பார்த்த அந்த நேரம் எனக்கு மீனாட்சி பஜார் சிடி நாள் திரும்பி வந்தது.

ஒத்தக்கடை_யானைமலை:
அந்த ராப்டரை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன், மறுக்கவில்லை. என் நிபந்தனையைச் சொல்கிறேன். போட்டவுடன் ஓடுவது 1998-இல் வந்த நடத்தையாகவே இருக்க வேண்டும். உங்கள் மூளை தனிக் கோப்பில், வேண்டும் என்பவர் தேடிப் போய் இயக்குகிற மாதிரி. அதில் என்னென்ன மாற்றினீர்கள், அசல் அளவு என்ன என்று வரிக்கு வரி தமிழில் எழுதி வைக்க வேண்டும். அதை எழுத நான் உட்காருகிறேன்.

திருநகர்_நிரலி:
தனிக் கோப்பு சரி, எழுதி வைப்பதும் சரி. போட்டவுடன் எது ஓட வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. புதிதாக வருகிறவன் முதலில் முட்டி நிற்கிற ராப்டரைப் பார்த்தால் அடுத்த நிமிடமே மூடிவிடுவான். அதைத் தனியாகப் பேசுவோம்.

வசன வரியில் தொடங்கலாமா? ஹாமண்டின் குரல் ரிச்சர்ட் அட்டன்பரோவுடையது, 2014-இல் காலமாகிவிட்டார். தன் பூங்கா எப்படிக் கெட்டது என்று ஒரு கிழவர் நினைத்துப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது, நமக்கு யாரும் மறுபடி பேசித் தரப்போவதில்லை. அதை ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளும் புரிந்துகொள்ள வேண்டும்.

செல்லூர்_தறிக்காரர்:
மொழிபெயர்ப்புக்கு என் மகளை அனுப்புகிறேன், தமிழ் எம்.ஏ. படிக்கிறாள், டைனோசர் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். நான் சொன்ன வாடிவாசல் கேமை மறந்துவிடாதீர்கள், அந்தக் கை கிடைத்தவுடன் எனக்குச் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:
ஞாயிறு காலை பத்து மணி, என் வீட்டு மாடி. பாண்டி, வீட்டில் சொல்லிவிட்டு வா.