பருவநிலை மாற்றம் பற்றி உங்கள் மக்கள் பிரதிநிதியைப் பார்த்து என்ன கேட்டீர்கள்?

தொகுதி உறுப்பினரைச் சந்திக்க எங்கள் குழுவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். எட்டு நிமிடம் நானே பேசிவிட்டேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் பூமியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்ப்போம் என்றார்கள், 2024ஆம் ஆண்டின் சராசரியே அதைக் கடந்துவிட்டது என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார். "நடவடிக்கை எடுங்கள்" என்பதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு தாளோடு போனோம். குப்பைக் கிடங்கிலிருந்து வரும் மீத்தேன் பற்றி மட்டும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் பன்னிரண்டு ஆண்டு அளவில் அதில் பெரும்பகுதி காற்றிலிருந்து கரைந்துவிடும். அதனால் இன்று குறைத்தால் பலன் சீக்கிரமே தெரியும். "இதை யார் அளக்கிறார்கள் என்று அவையில் ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும்" என்றோம். கேட்டார். யாரும் அளக்கவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் இப்போது அடுத்த கோரிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. எனக்கு உறுப்பினரைப் பார்க்கவே முடியவில்லை, உதவியாளர்தான் வந்தார். "நாம ஒருத்தர் குறைச்சு உலகம் மாறிடுமாம்மா?" என்று கேட்டார். அவரிடம் வனுவாட்டு பற்றிச் சொன்னேன். மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடு அது. அங்கே படித்த சட்ட மாணவர்கள் 27 பேர், பருவநிலைப் பிரச்சினையைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் என்று 2019இல் தங்கள் தலைவர்களைக் கேட்டார்கள். அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது. 2025 ஜூலையில் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. உதவியாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு அதுவே பெரிய தெம்பு.

*

நான் அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவன். நிலக்கரியை நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் எல்லோரும் "மூடுங்கள்" என்றபோது, மேடையில் இருந்தவர் "இந்தத் தொழிலாளிகளின் கதி?" என்று எங்களைக் காட்டியே தப்பித்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் எழுந்தேன். "ஐயா, மூடும் தேதியைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எங்களுக்கு எந்த வேலைக்கு, யார் செலவில் பயிற்சி என்பதையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்" என்றேன். கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. அடுத்த வாரம் சக தொழிலாளிகள் சிலரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்படித் தேதியும் பயிற்சியும் சேர்த்து எழுத்தில் வாங்கியவர்கள் இங்கே யாராவது இருந்தால், மனுவில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.