மறு: [கலைச்சொல்] சைடுகார் வண்டியின் 'டிரெயில்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சைடுகார், அதாவது பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு இணைக்கும் பெட்டி, மாட்டிய மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தில் 'டிரெயில்' (trail) என்று ஓர் அளவு உண்டு. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை தடம், இழுவை நீளம், பின்னடைவு, பின்னடி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எது சரி என்று பேசும் முன் பொருளைக் கொஞ்சம் தெளிவாக வரைந்துகொள்வோம். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ, அதாவது கோன்செட்டின் (ஹேண்டில் திரும்பும் பேரிங்குகளின்) நடுவே போகும் கோடு, அது செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தக் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்தப் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நாம் பெயர் தேடும் பொருள். தெருவில் ஓடும் வண்டிகள் பலவற்றில் இது 90 முதல் 115 மி.மீ. வரை இருக்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சுழல்சக்கரம் போகும் திசைக்குத் தானாக நேராகிறதே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

தனி வண்டிக்கு இது வரம். சாய்ந்து திரும்பும் வண்டியில் டயரின் சாய்வே பெரும்பங்கு வேலையைப் பார்த்துவிடும். சைடுகார் மாட்டியதும் கதை மாறுகிறது. இனி வண்டி சாயாது. காரைத் திருப்புவது போல ஹேண்டிலைப் பிடித்து வலுவாகத் திருப்பித்தான் ஆக வேண்டும். வளைவில் டயர்மீது வரும் பக்கவிசை ஹேண்டில் திரும்பும் அச்சுக்குப் பின்னால் விழுவதால், சக்கரம் நேராகத் திரும்பிவிடவே பார்க்கும். வளைவு முடியும்வரை அதை எதிர்த்துப் பிடித்திருப்பது ஓட்டுபவரின் தோள்பட்டைதான்.

எவ்வளவு கனம் என்று ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்தின் ஆரம் 325 மி.மீ., அச்சு செங்குத்திலிருந்து 27 பாகை சாய்ந்திருக்கிறது, சக்கர அச்சு திரும்பும் அச்சுக்கோட்டிலிருந்து 50 மி.மீ. முன்னால் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தை 27 பாகையின் சைனால் பெருக்கினால் சுமார் 147.5. அதில் 50 போனால் 97.5. அதைக் கோசைனால் வகுத்தால் தரையில் அளக்கும் தூரம் ஏறக்குறைய 109 மி.மீ. இப்போது முன்தள்ளலை மட்டும் 95 ஆக்குங்கள். 109 என்பது 59 ஆகிவிடும், கிட்டத்தட்டப் பாதி. முன்சக்கரத்தில் 600 நியூட்டன் பக்கவிசை வரும் ஒரு வளைவில், 70 செ.மீ. அகல ஹேண்டிலில் ஒவ்வொரு கைக்கும் எட்டரை கிலோ அளவுக்கு இருந்த அழுத்தம் நாலரை கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் அரைநாள் ஓட்டுபவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

செய்யும் வழிகள் பல. முன்ஷாக்குகளைப் பிடிக்கும் மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டையும் புதிதாகக் கடைந்து ஷாக்குகளை முன்னால் தள்ளலாம். அச்சின் கோணத்தை நிமிர்த்தினாலும் தூரம் குறையும், ஆனால் டயர் இன்ஜினை நெருங்கி வரும், சட்டத்தையே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். முன்னிணைப்புக் கவை (leading link fork), அதாவது முன்சக்கரத்தை முன்னோக்கி நீளும் கைகளில் தாங்கும் அமைப்பு, வைப்பது இன்னொரு வழி. 1955 முதல் 1969 வரை பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் வந்த ஏர்ல்ஸ் கவை இந்த வகைதான். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊசற்கை, அதாவது சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் கை, மாட்டும் துளை இரண்டு இருக்கும். தனி வண்டிக்கு ஒன்று, சைடுகாருக்கு அதற்கு முன்னால் இன்னொன்று. போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் போட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு யோசித்துச் செய்த முன்பக்கம் அதற்கப்புறம் அபூர்வம்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

'தடம்' வேண்டாம். ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டு வந்த சொல் அது. டயர் விட்டுப்போகும் தடம் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். இழுவை என்பது காற்றுக்கும் டிராக்டருக்கும் ஏற்கெனவே போய்விட்டது. பின்னடைவு நாளிதழ்க்காரர்களின் சொல்: 'வண்டியில் 60 மி.மீ. பின்னடைவு' என்றால் தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாண நண்பர் தந்த பின்னடி எனக்குப் பிடித்தே இருந்தது. அவர்கள் பேச்சில் பின்பக்கம் என்ற பொருளில் இயல்பாக வரும் சொல். ஆனால் அளவு பேசும் இடத்தில் அடி என்றதும் பன்னிரண்டு அங்குலம் நினைவுக்கு வந்துவிடும்.

என் பரிந்துரை: பின்னிடை. அச்சுக்குப் பின்னால் உள்ள இடைத்தூரம். இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை 'அச்சிடை' என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம். டயர் தொடும் புள்ளி அச்சுக்கு முன்னால் போய்விட்டால் முன்னிடை. முக்கியமாக, இதற்குக் கிளைச்சொற்கள் தேவை. தரையில் அளந்த 109 மி.மீ. தரைப் பின்னிடை. கையில் உணரும் கனத்துக்குக் காரணமான 97.5 மி.மீ., அச்சுக்குச் செங்கோணத்தில் அளந்தது, அச்சுப் பின்னிடை. டயர் ரப்பர் நசுங்கிச் சறுக்குவதால் விசை விழும் இடம் இன்னும் பின்னால் போகிறதே, அது டயர்ப் பின்னிடை. 'பின்னடைவு' வைத்து இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள், வாய் குழறும்.

ஹேண்டில் திரும்பும் அச்சின் சாய்கோணத்துக்கும் ஒரு சொல் வேண்டும். 'சாய்வு' போதும் என்கிறார்கள். போதாது. சைடுகார் பொருத்தும்போது வண்டியையே ஓரிரு பாகை வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்துவார்கள். அதற்கும் சாய்வுதான் பெயர். கொத்தனாரிடம் போனால் நல்ல சொல் இருக்கிறது: தண்ணீர் ஓடத் தரைக்கு வைப்பது வாட்டம். 'தலைவாட்டம் 27 பாகை' என்று எழுதலாமே.

------------------------------

மறு: மறு: சைடுகார் வண்டியின் 'டிரெயில்'

தம்பிக்கு,

வாட்டம் அருமை, ஆனால் 'தலைவாட்டம்' நோயாளிக்கு வரும் சோர்வு போல ஒலிக்கிறது. 'கவைவாட்டம்' என்று வையுங்கள். கவட்டை, கவைக்கோல் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள்தானே.

பின்னிடையில் எனக்கு ஒரு தயக்கம். இடை என்றதும் இடுப்பை நினைப்பவர்கள் தமிழில் அதிகம். புலவர்கள் அப்படிப் பழக்கிவிட்டார்கள். 'பின்தங்கல்' என்றால் செயலும் தெரியும், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள்.

------------------------------

மறு: மறு: மறு: சைடுகார் வண்டியின் 'டிரெயில்'

ஐயா, வணக்கம். கோவையிலிருந்து, லேத் வைத்திருப்பவன்.

பின்தங்கல் என்றால் எங்கள் பையன்களுக்குச் சாதிச் சான்றிதழ்தான் ஞாபகம் வரும். வேண்டாம் ஐயா. பின்னிடை இருக்கட்டும். இடைவெளி, இடைத்தூரம் என்று தினமும் சொல்கிறோம், யாரும் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பின்னிடையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்று யாரும் எழுதவில்லை. அளவுக்கு மேல் குறைத்தால் நேர்ச்சாலையில் வண்டி தானாக நேராகாது, ஹேண்டிலை விட்டுப் பிடித்தால் அலையும். சைடுகார் வண்டிகளில் மெதுவாகப் போகும்போதும் ஹேண்டில் உதறும். வண்டி வேகம் எடுத்ததும் நின்றுவிடும், பிரேக் போட்டு மெதுவாகும்போது மறுபடி வரும். அதற்காகத்தான் ஸ்டீரிங் டாம்பர், அதாவது ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் கருவி, போடுகிறார்கள். தட்டை மட்டும் கடைந்து கொடுத்துவிட்டு டாம்பர் இல்லாமல் அனுப்பினால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். அகராதிக் குறிப்பில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டாம்பருக்கு 'உதறலடக்கி' சரியாக இருக்கும், பையன்கள் உதறல் என்றுதான் சொல்வார்கள்.

------------------------------

மறு: மறு: மறு: மறு: சைடுகார் வண்டியின் 'டிரெயில்'

ஐயாவுக்கும் கோவை அண்ணனுக்கும் நன்றி.

கவைவாட்டம், பின்னிடை, முன்தள்ளல், உதறலடக்கி நான்கையும் நாம் சேர்ந்து எழுதும் அகராதியின் கூட்டு ஏட்டில் ஏற்றிவிட்டேன். பின்னிடைக்கு அண்ணன் கேட்ட வரி இப்படி: 'சைடுகாருக்காகக் குறைக்கலாம். குறைத்தால் ஹேண்டில் லேசாகும், நேரோட்ட உறுதி குறையும், உதறலடக்கி தேவைப்படும்.'

ஒன்று மட்டும் தொங்குகிறது. சைடுகார் சக்கரத்தை வண்டியோடு இணையாக வைக்காமல், முன்பக்கம் 10 முதல் 20 மி.மீ. வரை உள்ளே குறுகும்படி வைப்பார்கள். வண்டி சைடுகார் பக்கம் இழுத்துக்கொண்டே போகாமல் இருக்க அது வேண்டும். ஏட்டில் யாரோ இதற்கு 'உள்நோக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். சைடுகார் சக்கரத்துக்கு உள்நோக்கம் உண்டு என்று அச்சாவதற்குள் மாற்ற வேண்டும். இப்போதைக்கு 'முன்குறுகல்' என்று வைத்திருக்கிறேன். பட்டறையில் வேறு சொல் புழங்கினால் அண்ணன் எழுதுங்கள்.