கிரெமோனாவில் ஒரு பகல் போதுமா?

கேள்வி:
அடுத்த மாதம் மிலானிலிருந்து மாந்துவாவுக்கு ரயிலில் போகிறேன். வழியில் கிரெமோனா. வயலின் ஊர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது; சங்கீத ஞானமும் பூஜ்யம். இறங்கலாமா, ஜன்னலோடு கும்பிட்டுவிட்டுப் போகலாமா?

பதில் 1:
இறங்குங்கள். நான் மூன்று நாள் தங்கியவன், எனக்கும் ஞானம் கிடையாது. கி.மு. 218இல் ரோமானியர் உண்டாக்கிய ஊர். கி.பி. 69இல் உள்நாட்டுப் போரில் ரோமானியப் படையே அதைக் கொளுத்தியது. இன்று கண்ணில் படுவதெல்லாம் பிற்கால ஊர்தான். டொரட்சோ கோபுரத்துக்கு 502 படி. முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

என்னை உறுத்தியது ரோமா சதுக்கம். இப்போது பூங்கா, முன்பு அங்கே சான் டொமெனிகோ தேவாலயம் இருந்தது. இந்த ஊரின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி வேறொரு குடும்பத்தின் பழைய கல்லறையை விலைக்கு வாங்கிவைத்து, 1737இல் அதில் அடங்கினார். 1869இல் தேவாலயத்தை இடித்தார்கள். எலும்பு போன இடம் தெரியவில்லை. அதே ஊர் 2019 ஜனவரியில் என்ன செய்தது தெரியுமா? பழைய வயலின்களின் ஒலியைப் பதிவுசெய்ய வயலின் அருங்காட்சியகத்தைச் சுற்றித் தெருக்களை அடைத்தது. கல் பாவிய தெருவில் குதிகால் செருப்புச் சத்தம்கூட மைக்கில் விழுந்துவிடுமாம். அரங்கில் ரீங்கரித்த பல்புகளையும் கழற்றிவிட்டார்கள். எலும்பைத் தொலைத்த குற்ற உணர்ச்சி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வயலின் பட்டறையில் அரை மணி நேரம் நின்றேன். பெருவிரல் அளவே உள்ள பித்தளை இழைப்புளியால் ஒருவர் மேப்பிள் பலகையைச் சீவிக்கொண்டிருந்தார். சீவுவார், விரல் கணுவால் தட்டுவார், காதை வைப்பார், மறுபடி சீவுவார். அந்த அரை மணியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

பதில் 2:
திங்கட்கிழமை போகாதீர்கள், வயலின் அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். மதியம் கடைகளும் அடைத்துவிடும். பட்டறைகளில் மணி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொரோனே என்ற பாதாம் மிட்டாயில் கெட்டி ரகம் உண்டு. என் கடைவாய்ப் பல்லின் அடைப்பு அதோடு வந்துவிட்டது. மோஸ்டார்டாவை ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவாதீர்கள். பழம்தான், ஆனால் கடுகுக் காரம் மூக்கில் ஏறும். வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வது.

கேட்டவர்:
என் டிக்கெட் திங்கட்கிழமைக்குத்தான். செவ்வாய்க்கு மாற்றி, இரவும் தங்கிவிடுகிறேன். அந்தப் பட்டறை எந்தத் தெருவில்?

பதில் 1:
சொல்ல மாட்டேன். இப்படி நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, நடந்து பாருங்கள்.