செம்மண்ணு போட்டா தொட்டி சேறாயிடுமாம்!

கொளத்தூர்_கப்பி:
நேத்து ஒரு காலேஜ் தம்பி புதுசா வந்து "2 அடி மீன் தொட்டி வச்சு கம்மி செலவுல அதுக்குள்ள செடி வளக்கணும், என்ன பண்றது"ன்னு கேட்டிருந்தான். அதுக்கு நம்ம அக்வாசாயில்_ராஜா, "பத்தாயிரம் இல்லாம இதுல எறங்காத, கடையில விக்கிற பாக்கெட் சாயில்தான் போடணும், தோட்டத்து மண்ணப் போட்டா தண்ணி கலங்கி தொட்டி சேறாயிடும், ஒரு வாரத்துல மீனு மிதக்கும்"னு பதில் போட்டிருக்காரு. பையன் அதோட ஆளக் காணோம். எனக்கு வயிறு எரியுது. எட்டு வருஷமா என் வீட்டு ஹால்ல செம்மண்ணு போட்ட தொட்டிதான் ஓடுது, ஒரு நாள் கூட சேறானதில்ல.

கணக்கு சொல்றேன் கேளுங்க. பழைய தொட்டி 700, 12 வாட்ஸ் வெள்ளை எல்ஈடி பல்பு 120, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் சேத்து 350, சின்னக் கல்லு 150, செடி 180. மொத்தம் 1500. மண்ணு சும்மா கெடச்சது. ஒரு பக்கெட் செம்மண்ண எடுத்து வேரு, கல்லு, குப்பையெல்லாம் சலிச்சு, தண்ணி ஊத்தி கலக்கி மேல மிதக்குறத வடிச்சுட்டு, மாடில காய வச்சு, திரும்ப ஒரு தடவ அதே மாதிரி பண்ணி, அடியில ஒரு இஞ்ச் பரப்பி, அதுக்கு மேல ஒன்னரை இஞ்ச் கல்லப் போட்டு மூடிட்டா முடிஞ்சுது. தண்ணி ஊத்தும்போது கல்லு மேல ஒரு தட்ட வச்சு அது மேல மெதுவா ஊத்தணும். இவ்வளவுதான். இதுல எங்கய்யா சேறு?

அக்வாசாயில்_ராஜா:
கப்பி அண்ணே, வாய்ல சொல்றது ஈஸி. 2019ல உங்க பேச்சக் கேட்டுத்தான் நானும் செம்மண்ணு போட்டேன். மூணாம் நாளு தொட்டி டீ மாதிரி ஆயிடுச்சு. எட்டு நியான் டெட்ரா மீனு போச்சு. அப்ப உங்கள்ட்ட கேட்டதுக்கு "நீ சரியா சலிக்கல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க. மறக்கல நான். தண்ணி கலங்கும்ணே. கலங்கும்.

கொளத்தூர்_கப்பி:
சலிக்கலன்னு சொன்னது உண்மைதான தம்பி. நீ போட்ட போட்டோ இன்னும் என்கிட்ட இருக்கு, மேல கல்லு அரை இஞ்ச் கூட இல்ல, செடி நாலே நாலு குச்சி. மண்ணு போட்ட மூணாம் நாளே நியான் டெட்ராவ விட்டா அது சாகாம என்ன பண்ணும்? மண்ணு மேல ஏன் பழி போடுற?

மதுரை_மோலி:
ஒரு சந்தேகம். கம்மி செலவுன்னா எவ்வளவு? 1500ஆ, 5000ஆ? செடித்தொட்டின்னா நாலு வாலிஸ்னேரியா நட்டதா, இல்ல தரை முழுக்க புல்லு மாதிரி படர விடுறதா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு பேசலாமே.

அக்வாசாயில்_ராஜா:
அதெல்லாம் அப்பறம் சார். மண்ணு கலங்குமா கலங்காதான்னு மொதல்ல அண்ணன ஒத்துக்கச் சொல்லுங்க. ஜப்பான்ல செடித்தொட்டி வைக்கிறதுல பேர் போன தகாஷி அமானோ மாதிரி ஆளு தொட்டிக்குன்னே தனியா சாயில் கொண்டுவந்தாருன்னா சும்மாவா? சுட்டு உருண்டையாக்கின மண்ணு அது, கரையாது. தோட்டத்து மண்ணு கரையும்.

செடிப்பிரியா:
ராஜா தம்பி, அமானோ பேர இழுத்தீங்கன்னா டயானா வால்ஸ்டட் பேரயும் சொல்லணும். அமெரிக்காவுல அந்தம்மா 1999லயே சாதா மண்ணு வச்சு தொட்டி வைக்கிறதப் பத்தி புஸ்தகமே போட்டாங்க. மீன் கழிவுல வர்ற அமோனியாவ செடியே இழுத்துக்கும்ங்கிறதுதான் அதோட அடிப்படை. அப்பறம் நீங்க வாங்குற காஸ்ட்லி சாயில்லயும் மொத ரெண்டு மூணு வாரம் அமோனியா வரும், அத ஏன் அந்தப் பையனுக்குச் சொல்லல?

அக்வாசாயில்_ராஜா:
அக்கா, அமோனியா பத்தி நான் பேசவே இல்ல. கலங்குறதப் பத்தி பேசுறேன்.

வேதியியல்_வாத்தியார்:
மீன் செத்தது கலங்குனதுனால இல்ல, அமோனியாவுனாலதான் இருக்கும். அதனால அதத்தான் பேசணும். போர்வெல் தண்ணில பிஎச் 8 தாண்டிச்சுன்னா அதே அளவு அமோனியா இன்னும் அதிக விஷமா மாறும். பாக்டீரியா உருவாகி அமோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் மீனு விடக்கூடாது. மண்புழு உரம் கலந்தா இன்னும் மோசம், அமோனியா கொட்டும்.

கொளத்தூர்_கப்பி:
வாத்தியார் சார், நான் உரம் கலக்கச் சொன்னேனா? எங்க சொன்னேன் காட்டுங்க. வெறும் செம்மண்ணுதான் சொன்னேன். ஆறு வாரம்லாம் எனக்கு தேவைப்பட்டதில்ல. மொத நாளே நிறைய செடி நட்டா, வேலம்பாசி, கபோம்பா, ஹைக்ரோஃபிலா மாதிரி வேகமா வளர்றத அடச்சு நட்டா, ரெண்டு வாரத்துல ரெண்டு கப்பி மீனு விட்டுப் பாக்கலாம். எட்டு வருஷம் சார்.

வேதியியல்_வாத்தியார்:
எட்டு வருஷம் எட்டு வருஷம்னு சொன்னா போதுமா? டெஸ்ட் கிட்ல அளந்து பாத்தீங்களா?

கொளத்தூர்_கப்பி:
மீனு குட்டி போடுது சார், அத விட என்ன டெஸ்ட் வேணும்? காலைல லைட்டு போட்டு ரெண்டு மணி நேரத்துல கபோம்பா இலை நுனில சின்னச் சின்ன முத்து மாதிரி குமிழி கோத்து நிக்கும். தண்ணி அவ்வளவு தெளிவு, அந்தப் பக்கம் வச்ச காலண்டர்ல தேதி படிக்கலாம். கலங்குன தண்ணில அது தெரியுமா?

திருச்சி_டெட்ரா:
எனக்கு செம்மண்ணு கலங்கல, ஆனா அஞ்சு மாசத்துல நாறிடுச்சு. ஈர்க்குச்சி விட்டு மண்ணக் குத்தினா பெரிய குமிழியா வந்து அழுகின முட்டை நாத்தம். மூணு இஞ்ச் போட்டிருந்தேன்.

கொளத்தூர்_கப்பி:
மூணு இஞ்ச்! ஒரு இஞ்ச்னு சொன்னா மூணு இஞ்ச் போட்டுட்டு மண்ணு நாறுதுன்னா நான் என்ன பண்ண? அடியில காத்து போகாம அப்படித்தான் ஆகும். வாரத்துக்கு ஒரு தடவ குச்சியால லேசா குத்தி விடுங்க, மலேசியன் ட்ரம்பெட் நத்தை நாலு விடுங்க, அது மண்ணுக்குள்ளயே போய்ப் போய் கிளறிவிடும்.

அக்வாசாயில்_ராஜா:
அதான பாத்தேன். யாருக்கு என்ன ஆனாலும் அவங்க தப்பு, உங்க மண்ணுக்கு ஒன்னும் கிடையாது. எனக்குச் சலிக்கத் தெரியல, திருச்சிக்காரருக்கு அளக்கத் தெரியல. அப்ப நேத்து வந்த பையனுக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? புதுசா வர்றவனுக்கு தப்பு நடக்காத வழியச் சொல்லணும்ணே. அதுக்குத்தான் பாக்கெட் சாயில் சொன்னேன்.

செடிப்பிரியா:
தப்பு நடக்காத வழின்னா மண்ணே வேணாமே! ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ரெண்டையும் நூலால கல்லுலயோ கட்டையிலயோ கட்டி விட்டா போதும், அதோட தடிச்ச தண்டுக்கிழங்க மண்ணுல புதைச்சாதான் அழுகும். இதுல மண்ணும் இல்ல, கலங்கலும் இல்ல.

கொளத்தூர்_கப்பி:
பிரியா அக்கா, அனுபியாஸ் மாசத்துக்கு ஒரு இலை விடும். அந்தப் பையன் ஆசையா கேக்குறான், அவனுக்குக் காடு மாதிரி வளரணும். நீங்களும் மண்ணு வேணாம்னு அந்தப் பக்கம் சாஞ்சுட்டீங்களா?

செடிப்பிரியா:
நான் எந்தப் பக்கமும் சாயல. உங்களுக்கு வேற யாரு எது சொன்னாலும் ஆகாது. போன வருஷம் ஃபைட்டர் மீன கண்ணாடி ஜாடில வைக்காதீங்கன்னு சொன்னப்பவும் இப்படித்தான் குதிச்சீங்க.

கொளத்தூர்_கப்பி:
அது வேற விஷயம்! அந்த ஜாடி நாலு லிட்டர், அதுல செடி இருந்துச்சு. அத ஏன் இப்ப இழுக்குறீங்க?

மதுரை_மோலி:
மேல போடுறதுக்கு எம்-சாண்ட் போடலாமா? ஆத்து மணல் வெல ஜாஸ்தி.

வேதியியல்_வாத்தியார்:
எம்-சாண்ட் போடாதீங்க, பாறைய ஒடச்ச தூளு அது, எத்தன தடவ கழுவுனாலும் மாவு வந்துட்டே இருக்கும். விளிம்பும் கூரு.

திருச்சி_டெட்ரா:
நான் எம்-சாண்ட்தான் போட்டிருக்கேன், பதினஞ்சு தடவ கழுவினேன், நல்லாதான் இருக்கு. ஆத்து மணல அள்ளி ஆத்தையே காலி பண்ணியாச்சு, நம்ம தொட்டிக்கு அதுவே வேணுமா?

வேதியியல்_வாத்தியார்:
ஒரு தொட்டிக்கு அஞ்சு கிலோ மணல்ல காவிரி வத்திடுமா சார்?

திருச்சி_டெட்ரா:
ஆத்தங்கரைல பொறந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். உங்களுக்கு அஞ்சு கிலோவா தெரியுது.

அக்வாசாயில்_ராஜா:
மணல் சண்டைய அப்பறம் வச்சுக்கங்க. கப்பி அண்ணே, ஒரே கேள்வி. செடியப் புடுங்கி இடம் மாத்தி நடும்போது மண்ணு மேல வருமா வராதா? ஆமா இல்ல, அவ்வளவுதான்.

கொளத்தூர்_கப்பி:
சட்டுனு புடுங்கினா வரும். யாரு புடுங்கச் சொன்னா? வேர் மேல வரும்போது கத்திரியால வெட்டி விட்டுட்டு மிச்சத்த உள்ளயே விட்ரணும். அப்படியே கொஞ்சம் வந்தாலும் ராத்திரிக்குள்ள படிஞ்சுடும்.

அக்வாசாயில்_ராஜா:
வருதுல்ல! வரும்னு அவரே சொல்லிட்டாரு, எல்லாரும் பாத்துக்கங்க.

கொளத்தூர்_கப்பி:
படிஞ்சுடும்னும் சொன்னேன், அத ஏன் விட்டுட்ட? நீ 2500க்கு வாங்குன பாக்கெட் சாயில் ரெண்டு வருஷத்துல சத்து போயி, அமுக்கினா மாவா ஒடைஞ்சுச்சுன்னு நீயே எழுதினியே, அப்ப அது கலங்கலையா? ஞாயித்துக்கிழமை கொளத்தூர் பக்கம் வா, என் தொட்டியப் பாரு, ஒரு செடிய ஒன் கையாலயே புடுங்கு. எவ்வளவு நேரத்துல தெளியுதுன்னு உக்காந்து பாரு.

அக்வாசாயில்_ராஜா:
வர்றேன். வெள்ள வேட்டி கட்டிட்டு வரமாட்டேன், சேறு பட்டுடும்.

காலேஜ் தம்பி:
அண்ணே, நான்தான் கேட்டது. நேத்தே தொட்டி வாங்கிட்டேன். அடியில தெர்மாகோல் வைக்கணுமா?

கொளத்தூர்_கப்பி:
கண்டிப்பா வை தம்பி, மேசை கொஞ்சம் கோணலா இருந்தாலும் கண்ணாடி விரிசல் விட்ரும். கார்ப்பரேஷன் தண்ணின்னா ஒரு நாளு பக்கெட்ல வச்சு குளோரின் போனப்பறம் ஊத்து. லைட்டு எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம், பாசி புடிக்கும். மண்ணு செம்மண்ணுதான், ஒரு இஞ்ச், ரெண்டு தடவ சலி.

அக்வாசாயில்_ராஜா:
தம்பி, கலங்குச்சுன்னா இங்கயே போட்டோ போடு.