ஈரானுக்கு லெட்டர் போட்ட 47 செனட்டர்ங்க பண்ணது தேசத்துரோகமா இல்லையா?

மொட்டைமாடி:
ரெண்டு நாளா எனக்கும் என் மச்சானுக்கும் இதே சண்டை. 2015 மார்ச்ல ஒபாமா ஆளுங்க ஈரானோட அணு ஒப்பந்தம் பேசிட்டு இருக்கும்போதே ரிபப்ளிகன் செனட்டர்ங்க 47 பேர் கையெழுத்து போட்டு ஈரான் தலைவர்களுக்கே நேரா லெட்டர் விட்டாங்கல்ல, அதான். எழுதுனது டாம் காட்டன், அர்கன்சா ஆளு, அப்ப செனட்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. ஒபாமா 2017 ஜனவரில கிளம்பிடுவாரு, நாங்க அதுக்கப்புறமும் இங்கதான் இருப்போம், அடுத்து வர்ற பிரசிடென்ட் ஒரு கையெழுத்துல இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடலாம், இதான் லெட்டரோட சாரம். நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத்துலயே துரோகிகள்னு கொட்டை எழுத்துல போட்டான், மச்சான் அதையே பிடிச்சுட்டு தொங்குறான். சட்டப்படி என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, அரசியல் சண்டை வேணாம் (நடக்காதுன்னு தெரியும்).

கோர்ட்வாசல்:
தேசத்துரோகம் கிடையாது பாஸ், பக்கத்துல கூட வராது. அமெரிக்க அரசியல் சாசனம் என்ன என்னன்னு வரையறுத்து வச்சிருக்கிற ஒரே குற்றம் இதுதான், அதுவும் ரொம்ப சின்ன வட்டத்துக்குள்ள. ஒண்ணு அமெரிக்கா மேல போர் தொடுக்கணும், இல்ல எதிரியோட சேர்ந்துக்கிட்டு உதவி பண்ணனும். எதிரின்னா பிடிக்காத நாடு இல்ல, சண்டை நடந்துட்டு இருக்குற நாடு. அதுக்கு மேல ஒரே செயலை ரெண்டு பேர் கண்ணால பாத்து சாட்சி சொல்லணும், இல்லன்னா அவனே கோர்ட்ல ஒத்துக்கணும். இங்கிலாந்து ராஜாங்க பிடிக்காதவன் கழுத்துக்கெல்லாம் துரோகின்னு கயிறு மாட்டுனதை பாத்தவங்க எழுதுனது, அவங்களே சுதந்திரப் போர்ல தோத்திருந்தா தூக்குலதான் தொங்கிருப்பாங்க, அந்த பயம் ஒவ்வொரு வார்த்தைலயும் தெரியும்.

தமிழ்ல வேற ஒரு குழப்பம் இருக்கு. நம்ம பேப்பர்காரன் 124ஏ (2024 வரைக்கும் இருந்த இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு) கேஸையும் தேசத்துரோகம்னுதான் போடுவான், அது அரசை எதிர்த்து பேசுற கேஸ், அமெரிக்காக்காரன் சொல்றது வேற.

பழையபேப்பர்:
அப்ப எல்லாரும் கத்துனது லோகன் சட்டம். அரசாங்கம் அனுமதி இல்லாம வெளிநாட்டு அரசோட தகராறு விஷயமா பேச்சுவார்த்தை நடத்துனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வெள்ளை மாளிகை இணையதளத்துல இவங்க மேல கேஸ் போடுன்னு மனு போட்டு 3 லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க.

இந்த சட்டத்தோட கதைதான் செம. ஜார்ஜ் லோகன்னு ஃபிலடெல்ஃபியா டாக்டர், குவேக்கர் (போரே கூடாதுங்கற கிறிஸ்தவப் பிரிவு), 1798ல பிரான்ஸோட கடல்ல சண்டை முத்திட்டு இருக்கும்போது சண்டை வேணாம்னு சொந்த காசுல பாரிஸ் போய் பெரிய தலைங்களை பாத்து பேசுனாரு. திரும்பி வந்தா ஆளுங்கட்சிக்காரனுங்களுக்கு காதுல புகை, 1799ல இவரை குறிவச்சே சட்டம் போட்டாங்க. அதுக்கப்புறம் மனுஷன் செனட்டராவே ஆயிட்டாரு! 1810ல மறுபடி அதே மாதிரி இங்கிலாந்துக்கு கிளம்பிட்டாரு, யாரும் ஒண்ணும் பண்ணல. இந்த சட்டத்துல இதுவரைக்கும் ரெண்டே பேர் மேலதான் குற்றச்சாட்டு பதிவாச்சு, 1803லயும் 1852லயும், ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. சட்டப் புத்தகத்துல தூசி படிஞ்சு கிடக்கு, அவ்ளோதான்.

சித்தி_ஃப்ரம்_டல்லாஸ்:
சட்டப்படி துரோகம் இல்ல சரி, அதுக்காக சும்மா விட்டுடறதா? நம்ம ஆளு ஒரு டேபிள்ல உக்காந்து பேரம் பேசிட்டு இருக்கான், பின்னாடிலேர்ந்து நம்ம வீட்டுக்காரனே எதிராளிகிட்ட "இவன் பேச்சை நம்பாதீங்க"ன்னா அந்த பேரம் என்ன ஆகும். இதுல ஈரானுக்கு எங்க அரசியல் சாசனத்தை பத்தி பாடம் எடுக்குறேன்னு ஆரம்பிச்சு அதுலயே தப்பு விட்டாங்க. உடன்படிக்கையை செனட் ரடிஃபை பண்ணும்னு, அதாவது கடைசியா உறுதி பண்ணும்னு எழுதிருந்தாங்க, செனட் மூணுல ரெண்டு பங்கு ஓட்டுல சம்மதம்தான் குடுக்கும், ரடிஃபை பண்றது பிரசிடென்ட். ஹார்வர்ட் சட்டம் படிச்சவரு எழுதுனது இது. கையெழுத்து போட்ட செனட்டர் மெக்கெயின் அப்புறமா சொன்னாரு, பனிப்புயல் வருதுன்னு எல்லாரும் ஊரை விட்டு கிளம்புற அவசரத்துல இருந்தோம், வேகவேகமா முடிஞ்சுதுன்னு. அணுகுண்டு விஷயம்ப்பா, ஏதோ ஆபீஸ் ரிட்டயர்மென்ட் கார்டுல எல்லாரும் கையெழுத்து போடுற மாதிரி!

கோர்ட்வாசல்:
சித்தி நீங்க சொல்றது சரி ஆனா டெமாக்ரட்டும் யோக்கியம் இல்ல. 1984ல டெமாக்ரட் எம்.பி. ஜிம் ரைட்டும் இன்னும் ஒன்பது பேரும் நிகராகுவா தலைவர் ஓர்டேகாவுக்கு "அன்புள்ள கமாண்டான்டே"ன்னு லெட்டர் போட்டாங்க, ரீகன் அந்த ஆட்சியையே கவுக்க பாத்துட்டு இருந்த நேரம். 2007ல புஷ் வேணாம் வேணாம்னு சொல்லியும் டெமாக்ரட் சபாநாயகர் பெலோசி டமாஸ்கஸ் போய் சிரியா அதிபர் அசாதை பாத்தாங்க. அப்ப ரிபப்ளிகன் காரங்க லோகன் சட்டம்னு கூவுனாங்க, 2015ல டெமாக்ரட் காரங்க கூவுனாங்க. எனக்கு உண்மையிலேயே உறுத்துறது 1968தான், நிக்சன் தேர்தல்ல நின்னப்போ ரகசியமா ஆள் வச்சு தெற்கு வியட்நாமை அமைதிப் பேச்சுக்கு போகாதேன்னு தடுத்தாங்க, அப்ப பிரசிடென்டா இருந்த ஜான்சன் அதை ஒட்டுக்கேட்டு தெரிஞ்சுக்கிட்டு ஃபோன்ல ரிபப்ளிகன் செனட் தலைவர் டர்க்சன்கிட்ட இது துரோகம்னே சொன்னாரு. காட்டன் லெட்டரையாவது ஊரே படிச்சுது.

பழையபேப்பர்:
ஒண்ணு விட்டுட்டீங்க. ரிபப்ளிகன்லயே ஏழு பேர் கையெழுத்து போடல, அதுல பாப் கார்க்கர் அப்ப செனட் வெளியுறவு கமிட்டி சேர்மன். அவரு ஒப்பந்தத்தை காங்கிரஸ் பரிசீலிக்கணும்னு (நம்ம கதர் காங்கிரஸ் இல்ல, அமெரிக்க பார்லிமென்ட்) முறைப்படி மசோதா கொண்டுவந்தாரு, மே மாசம் செனட்ல 98க்கு 1ன்னு ஜெயிச்சுது. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு யாருதுன்னு நினைக்கிறீங்க? காட்டன்தான்.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி, மச்சானுக்கு மொத்தத்தையும் படிச்சு காட்டுனேன். லோகன் கதைல சிரிச்சான், 98க்கு 1ல வாயடைச்சுட்டான், அப்பாடா ஜெயிச்சோம்னு நினைச்சா "சரி, 2018 மே 8 ட்ரம்ப் ஒரே கையெழுத்துல வெளிய வந்தாரா இல்லையா, லெட்டர்ல எழுதுனது அப்படியே நடந்துச்சுல்ல, அப்ப அது மிரட்டலா ஜோசியமா?"ங்கறான். இப்ப இவன் எந்த பக்கம்னே எனக்கு புரியல.